இரண்டாவது தடவை கேட்ட பூ

நாச்சம்மாள் மைசூரில் தன் வீட்டின் கீழ்ப்பகுதியில் தனியாக இருந்தாள். புருஷன் இறந்து ஆறு வருடம். மாடியில் இருந்த ஒற்றை அறையைக் காவேரிக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். காவேரிக்கு ஹெப்பாளில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் காவேரி படியிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"அக்கா, எங்கூட வேல செய்யற சில்வியாவ ரூம்ல சேத்துக்கட்டுமா? அவ புருஷன் குடிச்சுப்போட்டு அடிக்கறானுங். நேத்து கழுத்தப் புடிச்சு நெரிச்சிருக்கான்."

"அவன் இங்க வந்து கத்துனா? நானே ஒத்தையா இருக்கறவ."

"வந்தா நான் பாத்துக்கறனுங்."

"நீயா? கரப்பான் பூச்சியப் பாத்தாலே கட்டில் மேல ஏறி நிக்கறவ!"

காவேரி சிரித்தாள். நாச்சம்மாள் சிரிக்கவில்லை. பயம் என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"நாளைக்கு அம்மன்கிட்டப் பூக் கேக்கறேன். அவ சரின்னா சரி."

மறுநாள் மாரியம்மன் கோயிலில் பூசாரி சிவகுமார் வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. நாச்சம்மாள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

அவள் அதைத் திரும்ப இலையில் மடித்துப் பூசாரியிடம் நீட்டினாள்.

"மனச ஒருநெலையா வெச்சுக் கேக்கலீங். இன்னொருக்கா மடிச்சு வைங்க."

"ஏனம்மா, அம்மன் என்ன லாட்டரிச் சீட்டா விக்கறா?" என்றார் சிவகுமார். ஆனாலும் மடித்து வைத்தார். இந்தத் தடவை சிவப்பு வந்தது.

முதல் பூவைப் பற்றி நாச்சம்மாள் வாய் திறக்கவில்லை. "செவப்பு வந்துருச்சு கண்ணு" என்று மட்டும் சொன்னாள். காவேரியும் பூக் கேட்கிற வீட்டில் பிறந்தவள்தான். அப்படியே நம்பிவிட்டாள். மறுநாள் கம்பெனியில் அதைக் கேட்ட சில்வியா, "உங்க சாமிக்கும் என்னப் புடிக்கல, இல்லையா?" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். வேலை முடிந்ததும் புருஷன் வீட்டுக்குப் போனாள்.

ஆறாம் நாள் அவள் தாடையை அவன் உடைத்துவிட்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பல்லோடு பல் சேர்த்துக் கம்பி கட்டியிருந்தார்கள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போயிற்று. புருஷன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நாச்சம்மாள் கஞ்சியைத் துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டு காவேரியோடு போனாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளால் மறைக்க முடியவில்லை. கட்டிலருகே நின்று, இரண்டு பேரும் கேட்கும்படி, முதலில் வந்தது வெள்ளைப் பூ என்று சொன்னாள்.

காவேரி அவள் பக்கம் திரும்பினாள்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமேங்க்கா. வேற எடம் பாத்திருப்பேன். சாமியே வேண்டாங்கறான்னு நெனச்சுத்தான் யாரையும் கேக்காம இருந்துட்டேன்."

தெய்வம் நாச்சம்மாளிடம் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. ஒரு பாய் விரிக்கிற இடத்தைத்தான் கேட்டிருந்தது.

நர்ஸ் காகிதத்தோடு வந்தாள். மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். எந்த விலாசம் எழுத வேண்டும்? சில்வியா சுவரைப் பார்த்தாள்.

நாச்சம்மாள் தன் வீட்டு எண்ணையும் தெருவையும் சொன்னாள்.

"நீங்க இவங்க அம்மாவா?"

"இல்லீங். வீட்டுக்காரி."

"அவன் அங்கேயும் வந்தா?" காவேரி மெதுவாகக் கேட்டாள்.

"வந்தாலும் வருவான். எனக்குப் பயமாத்தான் இருக்குது. நீங்க ரெண்டு பேரும் கீழ வந்து எங்கூடப் படுத்துக்கங்க. கதவத் தாப்பாப் போட்டுக்குவோம்."

சில்வியா ஆமென்றோ இல்லையென்றோ தலையசைக்கவில்லை. நர்ஸின் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி கெட்டியாகிவிட்டிருந்தது. நாச்சம்மாள் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கலக்கி, உறிஞ்சு குழாயைக் கம்பிக்கும் கன்னத்துக்கும் நடுவில் வலிக்காமல் நுழைக்க வழி தேடினாள்.