மனமுவந்து

பதாகையின் மேல்முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தர்மிளா கீழ்முடிச்சுக்குக் குனிந்தபோது, அண்ணன் ரூபன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். ஒரு பக்கம் கட்டவிழ்ந்த பதாகை காற்றில் மடிந்து, அதிலிருந்த அப்பாவின் முகம் பாதியாகிவிட்டது.

“சனம் பாக்குது, விடு” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

கேற்றடியில் முரசுமோட்டையிலிருந்து வந்த உறவுக்காரர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். பந்தலுக்குள் பறை சற்று ஓய்ந்திருந்தது. தர்மிளா கையை உருவிக்கொண்டாள். ரூபன் பதாகையை இழுத்துப் பழையபடி வேலித் தூணில் கட்டினான். அப்பாவின் படத்துக்கும் ‘அமரர் ஆண்டியப்பன்’ என்ற பெயருக்கும் கீழே சிவப்பு எழுத்தில் இப்படி இருந்தது: ‘நகரின் அபிவிருத்திக்காகத் தன் கடையை மனமுவந்து வழங்கிய பெருந்தகைக்கு எமது கண்ணீர் அஞ்சலி.’ அடியில் பிரதேச சபை அபிவிருத்திக் குழு என்று போட்டிருந்தது.

“ரெண்டு மணிக்கு ஜெயந்தன் அண்ணை வந்து அஞ்சலி உரை செய்யிறார். அவர் போகுமட்டும் ஒண்டும் கதையாதை” என்றான் ரூபன். “இனி அவற்ரை முகத்திலதான் நாங்கள் முழிக்கோணும்.”

“நீ முழி” என்றாள் தர்மிளா. முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக அவள் அண்ணனை நீ என்றாள். அவன் அதைக் கேட்காதவன்போல் ஐயர் இருந்த பக்கம் போனான்.

ஜெயந்தன் சபை உறுப்பினர். அபிவிருத்திக் குழுவின் தலைவர். தர்மிளா அதே சபை அலுவலகத்தில் எழுதுவினைஞர்; அமர்வுகளில் மூலைக் கதிரையிலிருந்து குறிப்பு எடுப்பவள். பழைய சந்தையை இடித்துவிட்டு இரண்டு மாடியில் கடைத்தொகுதி கட்டுவதென்றும், அதை ஒரு தனியார் முதலீட்டாளருக்கு முப்பது வருடக் குத்தகைக்குக் கொடுப்பதென்றும் தீர்மானம் வந்த அன்று அவள்தான் குறிப்பு எடுத்தாள். முதலீட்டாளர் ஜெயந்தனுடைய மனைவியின் தம்பி. மண்டபத்திலிருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஒரேயொரு பெண் உறுப்பினர் எழும்பி, மச்சானுடைய விடயம் வரும்போது நீங்கள் அதைச் சொல்லிவிட்டு வெளியே போயிருக்க வேண்டுமல்லவா என்று கேட்டார். இந்த ஊரில் யாருக்கு யார் சொந்தமில்லை என்று ஜெயந்தன் சிரித்தார். பிறகு தானும் கையை உயர்த்தினார். தர்மிளா கேள்வியையும் எழுதினாள், பதிலையும் எழுதினாள். மறுநாள் செயலாளர் அந்த வரிகளைச் சிவப்புப் பேனையால் வெட்டி, இதெல்லாம் தேவையில்லை, திருப்பி அடியுங்கோ என்றார். அவள் திருப்பி அடித்தாள்.

பழைய சந்தையில் பதினோராம் இலக்கக் கடை ஆண்டியப்பனுடையது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் திருத்துகிற கடை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, பதினைந்து வயதில், ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தகப்பனோடு வன்னிக்கு வந்தவர் அவர். கடைசி யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது சந்தை இருந்த இடத்தில் உடைந்த கல்தான் கிடந்தது. தகரமும் மரமும் தானே சைக்கிளில் கட்டி வந்து கடையை நிமிர்த்தினார். பிறகு சபையே அதற்கு இலக்கம் போட்டது.

புதிய கட்டடத்தில் தங்களுக்கு இடம் தருவதாக எழுத்தில் தர வேண்டும் என்று பதினாறு கடைக்காரர்கள் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். வழக்கில் ஆண்டியப்பனின் பெயர்தான் முதலாவது. ஜெயந்தன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார். ஒவ்வொருவராகச் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டு விலகினார்கள். மூன்று பேர் மட்டும் மிஞ்சியபோது ஜெயந்தன் நேரே பதினோராம் கடைக்கே வந்தார். மலைநாட்டிலிருந்து வந்து குந்தின ஆட்களுக்குக் காணி உறுதியா இருக்கிறது, பேர்மிற்றா இருக்கிறது என்று கேட்டார்.  ஆண்டியப்பன் திருத்திக்கொண்டிருந்த மிசினின் கயிற்றை ஓங்கி இழுத்தார். அது பிடித்துக்கொண்டு இரைந்த இரைச்சலில் ஜெயந்தனின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் எழும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஆண்டியப்பனின் பெயரில் ஒரு சம்மதக் கடிதம் தர்மிளாவின் மேசைக்கு வந்தது. வழக்கிலிருந்து விலகுகிறேன், கடையை மனமுவந்து ஒப்படைக்கிறேன் என்றிருந்தது. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தன் பெயரை முழுதாக, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதுவார். கடிதத்திலிருந்த கையெழுத்து வலப்பக்கம் சரிந்து ஒரே இழுப்பில் ஓடியிருந்தது. அந்தச் சரிவை அவள் சின்ன வயதிலிருந்து அண்ணனின் கொப்பிகளில் பார்த்திருக்கிறாள். திகதி முத்திரையைக் குத்தி, இலக்கமிட்டு, கடிதத்தைக் கோப்பில் வைத்தாள்.

அன்று பின்னேரம் ரூபனிடம் கேட்டாள். மேல்மாடியில் மூலைக்கடையைத் தன் பெயரில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அப்பாவும் அதில்தானே வந்து இருக்கப்போகிறார், இல்லாவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் கிடையாது என்றான் அவன். அப்போது அது சரிபோலத்தான் பட்டது. தன் வேலையும் அவளுக்கு நினைவு வந்தது. அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சட்டத்தரணியிடம் போய்வந்துகொண்டிருந்தது ரூபன்தான். வழக்குத் தோற்றுவிட்டது, பழைய கடைக்காரருக்குத்தான் முன்னுரிமை என்கிறார்கள் என்று அவன் வந்து சொன்னதை ஆண்டியப்பன் நம்பினார். கடை இடிபட்ட பிறகும் ஒவ்வொரு நாள் காலையும் சாமான் பெட்டியோடு போய், தகர மறைப்புக்கு எதிரே வாகை மரத்தடியில் இருந்துகொண்டு மிசின் திருத்தினார்.

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கடைப் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். முதல்நாள் அதைத் தட்டச்சு செய்தவளும் தர்மிளாதான். பத்தரைக்கு அப்பா அவளுடைய யன்னலடிக்கு வந்து நின்றார். கையில் கிறீஸ் அப்பியிருந்தது.

“பட்டியலில ரூபன்ரை பேர் கிடக்கு. என்ரை பேர் இல்லை” என்றார். “நான் மனமுவந்து குடுத்ததா உள்ளுக்குச் சொல்லுறாங்கள். கடிதம் இருக்காம். நீ கண்டனியோ?”

“ஓமப்பா.”

“ஆற்ரை கையெழுத்து?”

தர்மிளா விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பின்னால் வரித் துண்டோடு இரண்டு பேர் காத்து நின்றார்கள். அவர் திரும்பி அவர்களைப் பார்த்தார். பிறகு, “சரி, நீ வேலையைப் பார்” என்று சொல்லிவிட்டு நடந்தார். சைக்கிள் கொட்டகையைத் தாண்டவில்லை, விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது வழியிலேயே முடிந்துவிட்டது.

ஜெயந்தன் சொன்னபடி இரண்டு மணிக்கு வந்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். பின்னால் இரண்டு பேர் மலர்வளையத்தைத் தூக்கி வந்தார்கள். அதைப் பெட்டியின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, தலைமாட்டில் இருந்த அம்மா வடிவம்மாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். அம்மா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

நன்றாகப் பேசினார். ஆண்டியப்பன் ஐயாவின் உழைப்பைச் சொன்னார். அவருடைய கைபட்டு ஓடாத மிசின் இந்தப் பகுதியில் இல்லை என்றார். ஊர் வளர வேண்டுமென்றால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், இந்த ஏழை மனிதர் மனமுவந்து விட்டுக்கொடுத்தார் என்றார். மனமுவந்து என்ற சொல்லை மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை குரல் தழுதழுத்தது. கடைத்தொகுதியின் வாசலில் ஐயாவின் பெயரைக் கல்லில் பொறிப்போம் என்று முடித்தபோது, பின்வரிசையில் யாரோ செத்தவீடு என்பதை மறந்து கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

குடும்பத்தின் சார்பில் நன்றியுரை சொல்ல மகன் ரூபனை அழைத்தார்கள். விரலில் தர்ப்பையோடு, மீசையை மழித்த முகத்தோடு அவன் எழும்பினான். அவனுக்கு முன்னால் தர்மிளா போய் ஒலிவாங்கியை எடுத்தாள்.  

“வந்த எல்லாருக்கும் நன்றி” என்று தொடங்கினாள். “அப்பா கடையை மனமுவந்து குடுக்கேல்லை. சபைக் கோப்பில கிடக்கிற கடிதத்தில இருக்கிறது அவற்ரை கையெழுத்தில்லை. கடிதம் வந்த அண்டைக்கே எனக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் முத்திரை குத்தினனான். கட்டடத்தை எடுத்தது ஜெயந்தன் அண்ணையின்ரை மச்சான். அதைக் குடுக்கச் சொல்லிக் கையை உயர்த்தினதில அவரும் ஒராள். அதைப் பற்றி ஒரு உறுப்பினர் கேட்ட கேள்வியையும் நான் எழுதினனான். வெட்டச் சொல்லிச்சினம், வெட்டினனான். நேற்று அப்பா என்னட்டை வந்து கேட்டவர். நான் வாய் திறக்கேல்லை. அதுதான் இப்ப சொல்லுறன்.”

 ஜெயந்தன் மெதுவாகக் கதிரையிலிருந்து எழும்பி வந்தார். “பிள்ளை துக்கத்தில கதைக்குது. ஒருத்தரும் பெரிசா எடுக்காதேங்கோ” என்று சொல்லிக்கொண்டே ஒலிவாங்கியைப் பிடித்து இழுத்தார். தர்மிளா விடவில்லை. ஒலிபெருக்கி கீச்சிட்டது.

“அவள விடுங்க தம்பி.”

வடிவம்மாவின் குரல். ஊர் ஆட்களோடு கதைக்கும்போது அவர்களைப்போலவே கதைக்கப் பழகியிருந்தவளுக்கு, இத்தனை வருடம் கழித்துப் பிறந்த தோட்டத்துப் பேச்சு வந்துவிட்டது. ஜெயந்தன் கையை எடுத்தார். அம்மா தர்மிளாவைப் பார்த்துக் கேட்டாள்:

“அப்ப யாரு புள்ள போட்ட கையெழுத்து?”

 தர்மிளா அண்ணனின் பக்கம் திரும்பவில்லை. ரூபன் வாய்க்கரிசித் தட்டைப் பார்த்தபடி நின்றான்.  வடிவம்மா அவனைப் பார்த்தாள்.  பிறகு திரும்பி, புருசனின் கழுத்தடியில் விலகியிருந்த வேட்டிச் சால்வையைச் சரிசெய்தாள்.

ஐயர் நேரமாகிறது என்றார். பறை தொடங்கியது. ஜெயந்தன் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் வெளியே போனார். அவருடைய வாகனம் ஒழுங்கையில் பின்னுக்குப் போய்த் திரும்ப முடியாமல் முன்னும் பின்னுமாக உறுமியது. சனம் விலகி வழி விடவில்லை. விலக மறுக்கவும் இல்லை, பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் பெட்டியைத் தூக்க வந்தவர்களில் இரண்டு பேர் போய் வேலிக் கதியாலைப் பிடித்து ஒதுக்கிவிட்டார்கள்.

பெட்டி புறப்பட்டது. ரூபன் கொள்ளிக்குடத்தோடு முன்னால் நடந்தான். பெண்கள் கேற்றடியோடு நின்றுவிட்டார்கள்.

சுடலைக்குப் போகாமல் பின்தங்கி நின்ற, வழக்கில் அப்பாவோடு கடைசிவரை மிஞ்சியிருந்த இரண்டு கடைக்காரர்கள் தர்மிளாவிடம் வந்தார்கள். ஒருவர் பரந்தன் சந்தியில் இப்போது தள்ளுவண்டியில் பழம் விற்கிறார். அவர்தான் கேட்டார்.

“இதை நீதிமன்றத்திலயும் சொல்லுவியளோ தங்கச்சி?”

“சொல்லுவன்.”

“அப்பிடியெண்டால் முதல்ல கூப்பிடுறது உங்கட அண்ணனைத்தான்.”

“தெரியும்” என்றாள். “என்னையும் கூப்பிடுவினம்.”

அவர்கள் போன பிறகு செயலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. அனுதாபம் சொன்னார். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை, கடிதம் வீட்டுக்கு வரும் என்றார். அவள் சரி என்றாள். 

வீடு கழுவி முடிந்தபோது ஆண்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். தர்மிளா பின்வளவுக் கிணற்றடிக்குப் போய் ஒவ்வொருவருக்காகத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள். கயிறு உள்ளங்கையைச் சூடாக்கியது. மாமன்மார், பக்கத்து வளவுக்காரர், பறை அடித்தவர்கள் என்று ஒருவர் பின் ஒருவராக முழுகிவிட்டுப் போனார்கள். யாரும் அவளோடு கதைக்கவில்லை. ஒரு மாமன் மட்டும் வாளியை வாங்கும்போது அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ரூபன் எல்லோரும் போகும்வரை வாழையடியில் நின்றான். பிறகு வந்து, தோய்க்கிற கல்லில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். தோளில் சாம்பல் ஒட்டியிருந்தது.

“அந்தக் கடை எனக்கு வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கிறன்” என்றான்.

தர்மிளா வாளியைக் கிணற்றில் விட்டாள். அது கீழே தண்ணீரில் விழுந்து, சரிந்து, நிரம்பும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுத்து எடுத்தாள். அவன் தலையைக் குனிந்து காத்திருந்தான். வாளியை அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் நடந்தாள்.

வாளித் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. விளிம்பால் வழிந்தது கிணற்றுக் கட்டால் இறங்கி, கல்லைச் சுற்றி, அவன் காலடி மண்ணில் சுவறியது.