தொடாத சர்வர்

சரியாக எழுபத்திரண்டு மணி நேரம் பூனை வாயைத் திறக்கவில்லை. சத்தமில்லாமல் வந்து நிற்பதால், கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது.

கம்பெனியின் மென்பொருள் இரண்டு சர்வர்களில் ஓடியது. வைரஸ் நுழையக்கூடிய ஓட்டை இரண்டிலும் இருந்தது. அப்டேட் போட்டால்தான் அடைபடும். "முதல்ல ஒண்ணுல போட்டுப் பாரு. நல்லா ஓடுதுன்னு கிடங்கு மேலாளர் கையெழுத்துப் போட்டா அடுத்ததையும் முடி" என்றிருந்தார் முதலாளி. எந்தப் பிரிவை எதில் ஓட்டுவது என்பதை அவளிடமே விட்டிருந்தார். அவள் பேக்கப் எடுத்துவிட்டு ஒன்றில் போட்டாள். அதில் ஓடுவது எந்தப் பிரிவு என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

மூன்று நாள் கழித்து ஒப்புதல் தாளை நீட்டியதும் கிடங்கு மேலாளர் முறைத்தார்.

"ஏம்மா பூனை, என் பக்கம் கை வெக்காத. போன தடவை உன் அப்டேட்டால ரெண்டு நாள் பில்லே அடிக்கல."

"இப்ப எப்படி ஓடுது சார்?"

"குதிரை மாதிரி. நீ தொடாம விட்டதாலதான். பக்கத்து ரூம் கணக்குப் பிரிவுல போய்க் கேளு. அப்டேட் வந்ததுலேர்ந்து நத்தையா ஊருதுன்னு ஒரே புலம்பல்."

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி, தாளின் மேல் வைத்தாள்.

"அவங்க இன்னும் பழசுலதான் சார் இருக்காங்க. மூணு நாளா புதுசுல ஓடுறது நீங்கதான்."