வெறும் சம்புடம்

கொக்கிரகுளத்துச் சிவசைலம் பிள்ளை தம் மகள் கோமுவைப் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சம்மதித்ததே பெரிய விஷயம். சும்மா சம்மதிக்கவில்லை. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"சோறு கொண்டு போகக்கூடாது. கண்ட சாதியோட உக்காந்து சோத்தத் தின்னுட்டு வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன். தண்ணி சேராத பண்டத்துக்குத் தீட்டு கெடையாது. அப்படி ஏதாச்சும் செஞ்சு குடு."

பாலில் பிசைந்தால் தீட்டில்லை; பால்காரன் அந்தப் பாலில் ஊற்றுகிற தண்ணீர் இந்தக் கணக்கில் வராது. சாஸ்திரம் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அவர் மனைவி அன்னத்தாய் கைநாட்டு. கோவில் சுவரில் எழுதியிருப்பதை யாராவது வாசித்தால் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது, அஞ்சாம் வகுப்பாவது முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்கு இருந்த ஆசை. அதற்காக என்ன வேண்டுமானாலும் சுடத் தயாராக இருந்தாள்.

முதலில் முறுக்கு கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் தூளாகிவிட்டது. அதிரசம் எண்ணெய் கசிந்து புத்தகத்தைக் கெடுத்தது. கடைசியில் அவளாகவே ஒரு ரொட்டி கண்டுபிடித்தாள். திரிகையில் அரைத்த கோதுமை மாவில் நெய்யும் சீவிய கருப்பட்டியும் சுக்குப்பொடியும் போட்டு, பால் தெளித்துப் பிசைந்து, கனமாகத் தட்டுவாள். மணல் பரப்பிய சட்டிக்குள் தட்டோடு வைத்து மூடி, கீழே விறகும் மூடிமேல் சிரட்டைக் கங்குமாக வேகவிடுவாள். கங்கு கொஞ்சம் கூடினால் கரி, குறைந்தால் பச்சை மாவு. எத்தனையோ தட்டு மாட்டுக்குப் போன பிறகுதான் பதம் பிடிபட்டது.

அப்படி வந்த ரொட்டி, மூடி போட்ட பித்தளைச் சம்புடத்தோடு கீழே விழுந்தாலும் உடையாது. வாரம் முழுக்கக் கெடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதற்குக் 'கோமு ரொட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என்ன, தொண்டையை அடைக்கும். அங்கே தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதால் சாயங்காலம் ஆற்றங்கரைக்கு வரும்வரை பிள்ளை பொறுத்துக்கொள்ளும். கையால் அள்ளி அள்ளி அவள் குடிப்பதைப் படித்துறையில் பார்த்த அன்னத்தாய் மறுநாளிலிருந்து நெய்யைக் கூட்டிப் போட்டாள். எப்படியோ கோமு நாலாம் வகுப்பு தேறிவிட்டாள், அஞ்சுக்கும் வந்துவிட்டாள்.

அந்த வகுப்பு டீச்சர் சாலோமி. கோமு என்றால் அவளுக்கு உயிர். கிறிஸ்துமஸ் லீவு நெருங்குகிற சமயத்தில் அன்னத்தாய், பண்டிகை கொண்டாடுகிறவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று, சம்புடம் நிறைய ரொட்டி அடுக்கி டீச்சருக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. வேதக்காரக் கிறிஸ்தவரானாலும் சைவரானாலும் இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் வழக்கம் ஒன்றுதான். சாலோமி ஒரு கை சீனி போட்டிருக்கலாம். ரெண்டு வாழைப்பழம் வைத்திருக்கலாம். அந்த மகராசி, தன் வீட்டில் இருந்ததிலேயே நல்லதை வைத்தாள். பண்டிகைக்காகச் சுட்ட கேக்கில் துண்டு போட்டு வைத்தாள்.

கோமு சம்புடத்தைக் கொண்டுவந்து அடுக்களையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். அன்னத்தாய் பின்கட்டில் நெல் புழுக்கிக்கொண்டிருந்தாள். வயலிலிருந்து பசியோடு வந்த பிள்ளைவாள் சம்புடத்தைத் திறந்தார். ஒரு துண்டு தின்றார். இன்னொன்றும் தின்றார்.

"ஏட்டி, இன்னைக்குத்தான் ஒனக்குக் கைப்பக்குவம் வந்திருக்கு! வாயில வச்சா கரையுதே!"

கல்யாணமான நாள் முதலாக அவர் வாயிலிருந்து வராத பாராட்டு அது. அன்னத்தாய் ஆசையோடு ஓடிவந்து சம்புடத்துக்குள் பார்த்தாள். இருந்தது அவள் சுட்ட ரொட்டி இல்லை. எப்படியாவது மூடி மறைத்துவிடலாம் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் கோமு வந்துவிட்டாள்.

"நம்ம சாலோமி டீச்சர் சுட்டதுப்பா! முட்டைய நல்லா அடிச்சு ஊத்துனாத்தான் இப்படிப் பொங்குமாம்."

பிள்ளைவாள் முற்றத்துக்கு ஓடித் துப்பினார். ஆற்றில் போய் முங்கினார். ஈரத்தோடு நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு வந்து, "நாளையிலருந்து இவ பள்ளிக்கூடம் போகவேண்டாம்" என்றார்.

"தின்னது நீங்க. அவ தொடக்கூட இல்லையே" என்றாள் அன்னத்தாய். அதற்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டுச் சாலோமி வந்து வெயிலில் தெருவிலேயே நின்றாள். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. "வெறும் சம்புடமாவே குடுத்திருக்கணும்மா" என்று சொல்லி அழுதுவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் மகன் ஆவுடைநாயகத்தைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார் பிள்ளைவாள். எங்கே? அதே மிஷன்காரர்களுடைய பையன்கள் பள்ளிக்கூடத்தில்தான். இங்கிலீஷ் அங்கேதான் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். "ஆம்பளப் பிள்ளைக்கு என்ன, ஆத்துல ஒரு முங்கு முங்குனா எல்லாம் போயிரும்."

அவனுக்கும் அதே ரொட்டிதான். இப்போது கங்கு விசிறுவது கோமு. ஒருநாள் சாயங்காலம் அடுக்களைப் பக்கம் வந்த பிள்ளைவாள், சூடாக ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"ஏன் இப்படிக் கல்லு மாதிரி இருக்கு? அன்னைக்கு அந்த டீச்சர் குடுத்துவிட்ட பதம் வராதா?"

"வரும்ப்பா. முட்டை ஊத்தணும்" என்றாள் கோமு, விசிறியை நிறுத்தாமல்.

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பைய மனைவி பக்கம் குனிந்தார்.

"ஒண்ணே ஒண்ணு ஊத்துனா வெளிய வாசம் தெரியுமாட்டி?"

அன்னத்தாய்க்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவரை நேராக நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியாம ஊத்துதேன். கோமுவ மறுபடியும் பள்ளிக்கூடம் அனுப்புங்க."

பிள்ளைவாள் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். மீதியையும் வாயில் போட்டு, கடக் கடக்கென்று மென்று, கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"கல்லு மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலையிலும் தம்பியின் சம்புடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போய், அதை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கோமு திரும்பி வந்தாள்.