சின்ன முதலாளியின் முகஜாடை

குழாய் கம்பெனியில் ஜெனரல் மேனேஜர் நாற்காலி காலியாகிவிட்டது. போட்டிக்கு இருந்தது இரண்டே பேர்: ஆபீஸ் மேனேஜரும், கணக்குப் பிரிவு அம்மாளும். நாற்காலி தனக்குத்தான் என்று மேனேஜர் மனப்பால் குடித்துக்கொண்டிருந்தார். முதலாளி தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற மனுஷர், கிடைக்காமல் போகுமா?

முதலாளியின் அறையில், கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சிவப்பு மீன். புடைத்த நெற்றி, தொங்கிய கீழுதடு. முதலாளிக்கு அது பெறாத பிள்ளை. ஆபீஸில் அதற்குப் பெயரே ‘சின்ன முதலாளி’.

“இவன ஒரு படமா வரைஞ்சு ரிசப்ஷன்ல மாட்டணும்யா,” என்றார் முதலாளி மேனேஜரிடம்.

“ஆமா சார்! என் மச்சானே ஓவியன்தான் சார்!”

மச்சான் வந்தான். தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பக்கவாட்டில் நீந்தும் மீனைச் செதில் செதிலாக மினுங்க வரைந்து முடித்தான். முதலாளி முகம் சுளித்தார்.

“இன்னொரு கண்ணு எங்கய்யா?”

ஓவியன் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் பாய்ந்தார். “அதானே! பாக்கறவங்க சின்ன முதலாளிக்கு ஒரு கண்ணு நொள்ளைன்னு நினைக்க மாட்டாங்களாடா?”

“மாமா, மீனுக்குப் பக்கத்துக்கு ஒரு கண்ணு. சைடுல ஒண்ணுதான் தெரியும்.”

“அப்ப நேரா வரை!”

“நேரா வேணாம் மாமா. நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க…”

“வரைடான்னா!”

வரைந்தான். ரிசப்ஷனில் ஆபீஸே கூடி நிற்க, முதலாளி தன் கையால் துணியை விலக்கினார்.

டைப்பிஸ்ட் வந்த இருமலை அப்படியே விழுங்கினாள். நேருக்கு நேர் பார்த்தது மீன். அதே நெற்றி, அதே உதடு, அதே அகன்ற முழி. ஒரு டை மட்டும் கட்டிவிட்டால் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து செக்கில் கையெழுத்தே போடும்!

மேனேஜர் மச்சானை ஓரமாக இழுத்தார். “பாவி, என்னடா பண்ணி வெச்சிருக்க?” என்று கிசுகிசுத்தார்.

“அதத்தான் மாமா அன்னிக்கே சொல்ல வந்தேன்.”

முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “எங்கியோ பார்த்த மூஞ்சியா இருக்கே…” மேனேஜரிடம் திரும்பினார். “சொல்லுய்யா, இது யார் ஜாடை?”

இத்தனை வருஷ சர்வீஸில், ‘ஆமா சார்’ என்று பதில் சொல்ல முடியாத கேள்வியை மேனேஜர் சந்தித்ததே இல்லை. உண்மையைச் சொன்னால் முதலாளியை மீன்மூஞ்சி என்றதாகிவிடும். தெரியாது என்றாலோ, முதலாளி முன்னால் அதுவும் ஒரு பதிலா?

“எ… என் ஜாடை சார்!”

“உன் ஜாடையா?” முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஓஹோ! மச்சான விட்டு, என் புள்ள உடம்புல உன் மூஞ்சிய ஒட்ட வெச்சுக்கிட்டியா?”

“இல்ல சார், வந்து…”

அந்த வாயிலிருந்து முதலாளி கேட்ட முதல் ‘இல்ல’ அதுதான். முதலாளியின் குரல் தழுதழுத்தது. “என் ஜாடையோன்னு ஒரு நிமிஷம் பூரிச்சுப் போயிட்டேன்யா. அப்பன உரிச்சு வெச்சிருக்கானேன்னு… அதுல மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

இதற்குமேல் கணக்குப் பிரிவு அம்மாளால் தாங்க முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். தோள்கள் குலுங்கின.

முதலாளி அதைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியது.

“பாருங்கய்யா. என் மனசு புரிஞ்சு அழறதுக்கு இந்தக் கம்பெனியில அந்தம்மா ஒருத்திதான் இருக்கு. ஜெனரல் மேனேஜர் ரூம் சாவிய அவங்க கையில குடுங்க!”