கிளைமாக்ஸ் வரை உட்காராதவள்

அனுப்பிரியா எந்தப் படத்தையும் முடிவு வரை பார்த்ததில்லை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வேலைக்கு வந்துபோகிறவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் தோழி பிரிசில்லாவோடு தியேட்டருக்குப் போவாள். உட்கார இடம் கிடைக்கிற பஸ்ஸைப் பிடிக்க, கிளைமாக்ஸுக்கு முன்னாலேயே எழுந்துவிடுவாள். அதற்காக விமர்சனம் நிற்காது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் குரல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிடும்.

"ஹீரோ திருந்துவாரு, இல்லன்னா சாவாரு. எதுவா இருந்தாலும் நான் பஸ்ஸுல உக்காந்து நெனச்சுக்குறேன்."

பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளையைச் சேர்ந்த கதிரவனுக்கு சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ இருந்தது. அவளைப் பெண் பார்க்கப் போன அன்று இரண்டு வீட்டாருக்கும் பிடித்துப்போயிற்று. "இனிமே இவன மாமான்னே கூப்புடும்மா" என்றாள் அவன் அம்மா ஜோதிலட்சுமி.

"ஏதோ டாக்குமெண்டரி எடுக்குறாராமே அத்தை. அதப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அனுப்பிரியா, முறுக்கைக் கடித்தபடி. எல்லோரும் சிரித்தார்கள். கதிரவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து அவள் ஸ்டேட்டஸ் ஒன்றையும் அவன் விட்டதில்லை. அந்த வாரம் அவள் போனில் ஏதோ ஒரு டாக்குமெண்டரி பார்த்திருந்தாள்.

"டாக்குமெண்டரின்னா யாராவது ஒருத்தர் தண்ணியவே பாத்துக்கிட்டு நிக்கணும்னு சட்டமா? அவுங்க நிக்கிறாங்க, நமக்குக் கால் வலிக்குது."

கதிரவன் அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டான். அவன் படத்தின் முடிவே அதுதான். சேற்றுத் தண்ணீரில் கைகளால் தடவி இறால் பிடிக்கும் அமராவதி அக்கா, வேலை முடிந்ததும் இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கே அதில் பாதியை வெட்டினான். மறுநாள் மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம் வெட்டினான்.

சிதம்பரம் மேல வீதியில் ஒரு சின்ன அரங்கில் அவன் படத்தைப் போட்டார்கள்; அனுப்பிரியாவும் பிரிசில்லாவும் வந்திருந்தார்கள். கதிரவன் கடைசி வரிசையில் நின்றபடி திரையைப் பார்க்காமல் அனுப்பிரியாவையே பார்த்தான். அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவளைப் போலக் கைப்பையை மடியில் வைத்திருந்தாள். அமராவதி அக்கா கூடையைத் தூக்கும் நேரம், பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அவ்வளவுதான். அவள் எழுந்து போவதை இங்கே நின்று பார்ப்பதைவிட, பஸ் ஸ்டாண்டில் சிரித்த முகமாக வழியனுப்பிவிடலாம் என்று நினைத்தவன், பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கடலூர் பஸ் வந்தது, கிளம்பியும் போனது. அதில் அவள் ஏறவில்லை.

பதறிப்போய்த் திரும்பி வந்தான். அரங்கின் படிக்கட்டில் அனுப்பிரியாவும் பிரிசில்லாவும் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்க போனீங்க டைரக்டரே? பேசச் சொல்லி மேடைக்குக் கூப்புட்டாங்க, ஆளக் காணோம்."

"பஸ் ஸ்டாண்டுக்கு. நீங்க பையத் தோள்ல மாட்டுனீங்களா, அதான் கெளம்பிட்டீங்கன்னு..."

"ஏசி குளிருல கையக் கட்டிக்கணும்னு மாட்டுனேன்."

"படம் எடுத்தவரே கிளைமாக்ஸ் பாக்காம பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிட்டாரு" என்றாள் பிரிசில்லா. "பொருத்தம் ரொம்ப ஜாஸ்திதான்டி."

அனுப்பிரியா கடலைத் தோலை ஊதினாள். "ஒரு குறை இருக்கு. அந்த அக்கா தண்ணியில நிக்கிறாங்க. என்னா நெனைக்கிறாங்கன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். பஸ்ஸு போனாப் போவுதுன்னு உக்காந்தா, டக்குன்னு பேரு போட ஆரம்பிச்சுட்டாங்க. யாரு அத வெட்டுனது?"

கதிரவன் பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். "நான்தான். உங்க ஸ்டேட்டஸக் கேட்டுட்டு."

அவள் வாயில் போட்ட கடலையை மெல்லாமல் அவனையே பார்த்தாள்.

"என் பேச்சக் கேட்டா படத்த வெட்டுவாங்க? நானே என் பேச்சக் கேக்கமாட்டேன். வெட்டுனது பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"அதத் திரும்பச் சேத்துடுங்க மாமா. இன்னொரு தடவ முழுசாப் பாக்குறேன்."

கடலைப் பொட்டலத்துக்குள் போன பிரிசில்லாவின் கை அப்படியே நின்றது. "ஏய், இப்ப என்னா சொல்லிக் கூப்புட்ட?"

"விமர்சனம்டி" என்று எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள் அனுப்பிரியா. "வா, அடுத்த பஸ்ஸையாவது புடிப்போம்."