நஞ்சையில் எழும்பிய சுவர்

இடுப்பு உயரத்துக்கு எழும்பியிருந்த சுவருக்கு முனீஸ்வரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளை வேலைக்கு ஏற்றிப்போகும் பேண்டேஜ் கம்பெனி வேன் தளவாய்புரம் விலக்கு ரோட்டுக்கு வருவதற்குள் நான்கு பக்கமும் நனைத்தாக வேண்டும். வாய்க்காலில் குடத்தை முக்கி முக்கி எடுத்ததில் சேலையின் கீழ்ப்பாதி சேறாகியிருந்தது. கொத்தனார் பாண்டிதுரை, அவளுடைய சித்தப்பா மகன், மூலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

"ஜன்னல் மட்டம் வந்திருச்சுக்கா. ஆவணியில பால் காய்ச்சிரலாம்."

"வீட்டுக்காரவுக ஆடிக்குள்ள காலி பண்ணச் சொல்லுதாகடா. மேல தகரத்தப் போட்டாவது வந்துரணும்."

வாடகை வீடு மாடியில் இருந்தது. நூல் மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தே நெஞ்சு கெட்டுப்போன அவள் புருஷன் ஆண்டிச்சாமி, மருந்து வாங்க இறங்கினால் திரும்பி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவான். அவனை நினைத்துத்தான் அப்பா விட்டுப்போன வயலில், தை அறுவடை முடிந்ததும், ஓர் ஓரமாக அஸ்திவாரம் தோண்டினாள்.

ஜீப் வந்து வரப்போரம் நின்றது. இறங்கிய அதிகாரி சுவரைச் சுற்றி நடந்தார்.

"நஞ்சையில யாரும்மா கட்டச் சொன்னது?"

"எங்க சொந்த வயலு சார்."

"சொந்த வயலுன்னா நெல்லு போடுங்க. வீடு கட்டணும்னா நெலத்த மனையா மாத்தி அனுமதி வாங்கணும். வேலைய நிறுத்துங்க."

கூட வந்தவர் நோட்டீஸை ஒட்டிப் பார்த்தார். ஈரச் சுவரில் அது நிற்கவில்லை. ஒரு செங்கல்லை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுவாரம் லீவு போட்டுவிட்டு, நோட்டீஸில் போட்டிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸுக்குப் போனாள். எழுத்தர் யதிராஜன் அவளை உட்காரச் சொல்லித்தான் விசாரித்தார்.

"கடைசியா எப்போ பயிர் வச்சீங்க?"

"இந்தத் தையிலகூட அறுத்தோம் சார். ஒரு வருசம் நெலத்தச் சும்மா போட்டதில்ல" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் பேனாவை மூடினார். "அங்கதாம்மா சிக்கல். வெளையுற நெலத்த மாத்த விவசாயத் துறை சம்மதிக்காது."

"பக்கத்துல குடோன் கட்ட மண்ணு அடிக்காகளே. அதுவும் நஞ்சதான் சார். ரெண்டு வயலுக்கும் ஒரே மடைத் தண்ணி."

"அவங்க அது தரிசுன்னு சர்டிபிகேட் வாங்கியிருக்காங்க. ரொம்ப வருஷமா பயிரே வைக்கல. எல்லாம் முறைப்படி இருக்கு."

"நாங்களும் பயிர் வைக்காம இருந்திருந்தா?"

யதிராஜன் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆடியில் வீட்டைக் காலி செய்தார்கள். கொடுக்க முடிந்த வாடகைக்கு இன்னொரு மாடிதான் கிடைத்தது. பாண்டிதுரைக்கு வேறு வேலை அமையவில்லை, குடோனுக்கே போனான். அதைச் சொல்ல வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"தப்பா நெனைக்காதக்கா."

"எம்புட்டு நாளைக்கு நீ சும்மா இருப்ப? போய்ப் பாரு. சாப்புட்டுட்டுப் போ."

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டி மிஞ்சிய செங்கல்லையாவது எடுத்து விற்கலாமென்று வயலுக்குப் போனாள். குடோனுக்குத் தூண் நிறுத்தத் தோண்டிய குழிகளில் ஊற்று பொங்கி நின்றது. டீசல் மோட்டார் அதை இறைக்க, தடித்த குழாய் ஒன்று வரப்பைத் தாண்டி அவள் வயலுக்குள், சுவர்களுக்கு நடுவே கிடந்தது. ஓடிப்போய் அதை இழுத்தாள். தண்ணீரின் கனத்தில் குழாய் நகரவில்லை.

பாண்டிதுரை சாந்துக் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து மோட்டாரை நிறுத்தினான்.

"யாருலே அத அமத்துனது?" சூப்பர்வைசர் கத்தினார்.

"எங்க அக்கா எடம் சார். உள்ள சொவரு நிக்கி."

"வேலைய நிப்பாட்டுன எடந்தான? சும்மாதான கெடக்கு. ஒனக்கு இங்க வேலை வேணுமா, வேண்டாமா?"

பாண்டிதுரை முனீஸ்வரியைப் பார்த்தான். அவள் குழாயை விட்டுவிட்டாள்.

"நீ போடா" என்றாள்.

மோட்டார் மறுபடி ஓடியது. சமையலறைக்கென்றும் படுக்கிற அறைக்கென்றும் எழுப்பிய சுவர்களுக்கு நடுவே செந்தண்ணீர் சுழன்று ஏறியது. வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளி வழியாக, அஸ்திவாரத்து மண்ணையும் அரித்து இழுத்துக்கொண்டு, அது வயலுக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.