பூட்டின் மேல் மண்

அன்று கணவர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாரா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாரா என்று அவளுக்கு இன்றும் நிச்சயமில்லை. வெயில் அடித்ததாக ஞாபகம்; மழை என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டாள். மோட்டாருக்குச் செப்புக்கம்பியில் காயில் கட்டுகிற மனிதர், கண்ணாடி இல்லாமல் தலைமுடி போன்ற கம்பியை எப்படிச் சுற்றுவார்? மதியம் வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துவிட்டு, மனசு கேட்காமல் அவளே எடுத்துக்கொண்டு அவருடைய கடைக்குப் போனாள்.

ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டின் மேல், சாவித் துளையையும் மூடிக்கொண்டு, ஒரு பிடி மண். குளவிக்கூடு. குடியிருந்த வீடுகளில் எல்லாம் மீட்டர் பெட்டி, திரைச்சீலை மடிப்பு என்று அது கட்டாத இடமில்லை. ஒரு வருஷம் விடாமல் தட்டித் தள்ளினாள். அந்த வருஷம் மூலைக்கு மூலை சிலந்தி பெருகி, ஒட்டடை அடித்தே கை ஓய்ந்தது. ஆள் கை படாத இடத்தில்தான் அது நிம்மதியாகக் கட்டும். இந்தக் கூட்டிலோ இரண்டு அறைகள் துளைவிழுந்து காலியாக இருந்தன. குஞ்சு வளர்ந்து பறந்தே போயிருக்கிறது.

தினமும் சாப்பாட்டு டப்பா காலியாகத்தானே வீட்டுக்கு வந்தது?

பக்கத்துச் சலூன்காரர் கத்தரியோடு எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் எப்பலேர்ந்து வரலை?" என்று கேட்டாள்.

"நான் கண்ணாடியப் பாத்தே காலத்த ஓட்டுறவன் அண்ணி. தெருவ எங்க பாத்தேன்?" சொல்லிவிட்டு, சிரிக்காமல் உள்ளே போய்விட்டார்.

வீட்டுச் சாவியால் மண்ணை நெம்பினாள். மூடியிருந்த அறை ஒன்று உடைந்தது. உள்ளே, குஞ்சுக்குத் தீனியாகக் குளவி கொட்டி அடைத்த குட்டிக் குட்டிச் சிலந்திகள். சாகவில்லை, ஓடவும் முடியவில்லை. கால்கள் மட்டும் லேசாக நடுங்கின. மிச்சக் கூட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் அவர் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், கண்ணாடியையும் மண்கட்டியையும் மேசைமேல் வைத்தாள். அவர் மண்கட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"பஸ்ல உக்காந்திருப்பேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, அதே பஸ்ல திரும்பி வருவேன்."

"என்கிட்ட சொன்னா என்ன, கொறஞ்சா போயிடுவீங்க?"

அவர் வலது கையை மேசைமேல் நீட்டினார். அது தன்பாட்டுக்கு நடுங்கியது.

"கம்பி நிக்க மாட்டேங்குது."

கொஞ்ச நாளாகவே அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். என்னங்க, சின்னப் புள்ளையாட்டம் என்று கேலி செய்தவள் அவள்தான்.

கடை வேறொருவர் கைக்குப் போயிற்று. சலூன்காரர் வீட்டுக்கே வந்து அவருக்கு முகம் மழித்துவிடுகிறார். அவள் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். மேசைமேல் வைத்த மண்கட்டியை இரண்டு பேருமே எடுக்கவில்லை. ஒரு நாள் பார்த்தபோது மீதி அறைகளிலும் துளை விழுந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது.